சித்தப்பா இல்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இளங்கலை மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆய்வகங்களுக்கு அனுப்புவது வீண் வேலை என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடிப்படையே தெரியாதவர்கள் இரண்டு மாதத்தில் எதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கேட்கிறார். குடுவை கழுவிவிட்டுச் சான்றிதழோடு திரும்புகிறார்களாம், வழிகாட்டும் பேராசிரியரின் நேரம் பாழாகிறதாம். முதுகலைக்கு முன் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது அவர் தீர்ப்பு. இருபது வருடமாக அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதைப் படித்ததும் வயிறு எரிந்தது.

முதலில் அந்த அடிப்படை எங்கள் ஊரில் எப்படிக் கிடைக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி ஆறு பேர். ஒருவர் பார்ப்பார், ஐந்து பேர் எழுதுவார்கள். பாதரச விளக்கின் பச்சைக் கோட்டுக்கு 5461 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவார்கள், ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவார்கள், வைவாவில் ஒப்பிப்பார்கள். மூன்று வருடமும் இதே கதைதான். இதை இன்னும் இரண்டு வருடம் நீட்டினால் ஆராய்ச்சிக்குத் தகுதி வந்துவிடும் என்று எந்த அனுபவத்தில் சொல்கிறார்?

இரண்டு மாதத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர் 1928-ஐத் திரும்பிப் பார்க்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தக் கோடையில் கல்கத்தாவுக்கு, சி.வி.ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வயது 17. ராமன் விளைவு வெளிப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. சோதனைக் கருவிகள் சந்திரசேகரின் கைக்கு ஒத்துவரவில்லை. பேராசிரியரின் கணக்குப்படி அது தோற்றுப்போன கோடை, ராமனின் நேரமும் பாழ். ஆனால் அதே ஆண்டில் காம்ப்டன் விளைவு பற்றி அவருடைய முதல் கட்டுரை வந்தது. மறு ஆண்டு, இன்னும் பட்டம் வாங்காத நிலையிலேயே, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இன்னொன்று. 1983-ல் நோபல் பரிசு.

எல்லோரும் சந்திரசேகர் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அந்தக் கதவு அவருக்கு எப்படித் திறந்தது? ராமன் அவருடைய சித்தப்பா. இன்றைக்கும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு போன் போதும். எந்தத் திட்டத்தை இழுத்து மூடினாலும் அந்தப் பிள்ளைக்கு ஆய்வகம் மூடாது. வெளியே நிற்கப்போவது என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். 1934-ல் ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி, மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாதமிகளோடு சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கொடுக்கிறது. மதிப்பெண், என்ன செய்ய ஆசை என்று ஒரு குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரை, இவற்றை வைத்து விண்ணப்பிக்கலாம். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி அதில் இல்லை. முதுகலைவரை காத்திரு என்கிறாரே, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களில் எத்தனை பேரை வீட்டில் முதுகலைக்கு விடுகிறார்கள் என்று ஒரு நாளாவது விசாரித்திருப்பாரா?

குடுவை கழுவுவதைக் கேவலமாகப் பேசுகிறார். அழுக்குக் குடுவையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது, அதைக் கற்பதும் கல்விதான். இரண்டு மாதமும் கழுவ மட்டுமே விட்டார்கள் என்றால் குற்றம் வழிகாட்டியுடையது. வந்த பிள்ளையை ஒரு பிஎச்.டி. மாணவரிடம் தள்ளிவிட்டு, கடைசி நாளில் கையெழுத்துப் போட மட்டும் வருகிறவர்கள் உண்டு. அவர்களைத் திருத்தச் சொல்லாமல் பிள்ளையைத் துரத்தச் சொல்வது என்ன நியாயம்? காசை வாங்கிக்கொண்டு, வாசலை மிதிக்காதவனுக்கும் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் வியாபாரம் ஒன்று நடக்கிறது. அதைக் கண்டித்து அவர் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

என் மாணவி ஒருத்தி, விசைத்தறித் தொழிலாளியின் மகள், இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் பெங்களூருக்குப் போனாள். மூன்று வாரம் சிக்னலே வரவில்லை. லேசரை மாற்றி மாற்றி அலைன் செய்திருக்கிறாள், டிடெக்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறாள். கடைசியில் பார்த்தால் ஒரு கேபிள் முனையில் சால்டரிங் விட்டிருந்தது. வீணாய்ப் போன அந்தப் பக்கங்களை நோட்டிலிருந்து கிழிக்கப் போனவளை அங்கிருந்த பேராசிரியர் தடுத்து, தேதி போட்டு அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்ததும் என்னிடம் அவள் சொன்ன முதல் விஷயம் அதுதான்: “சார், தப்பா வந்த ரீடிங்கையும் கிழிக்கக் கூடாதாம் சார்.”

அடுத்த செமஸ்டரில் எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பச்சைக் கோட்டுக்கு அவளுக்கு 5390 வந்தது. கூட இருந்த ஐந்து பேரும் 5461 எழுதியிருந்தார்கள். அவள் 5390 என்றே எழுதி, கிரேட்டிங் ஒளிக்கு நேர் செங்குத்தாக நிற்கவில்லை என்று பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். போய்ப் பார்த்தேன். நிற்கவில்லைதான்.