பட்டாணிக்குத் தெரிந்தது மனுவுக்குத் தெரியவில்லை

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. எம்.ஏ. தமிழ் வகுப்பில் பழமொழிகளை மக்களின் அனுபவ ஞானம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எந்த மக்கள், யாருடைய அனுபவம் என்று யாரும் சொல்லவில்லை. அதே கல்லூரியில் நம் பையன் ஒருவன் யாப்பிலக்கணத்தில் முதல் மதிப்பெண் வாங்கினான். பேராசிரியர் ஒருவர், 'சேத்துல முளைச்ச செந்தாமரைடா நீ' என்று பாராட்டினார். தாமரை அவன், சரி. சேறு யாரு? களை எடுத்தும் கல் சுமந்தும் அவனைப் படிக்க வைத்த அம்மாவும் அப்பாவும்தானே?

பிறப்பு, ரத்தம், பரம்பரை என்று பேசுகிறவர்களிடம் பிறப்பின் கணக்கையே கேட்போம். அந்தக் கணக்கைப் போட்டவர் மெண்டல். இன்று செக் நாட்டில் இருக்கும் பிர்னோ நகரத்து மடத்துத் துறவி. 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அந்த நெட்டைகளின் வாரிசாக 1,064 செடிகள் வந்தன. 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. நெட்டைக்கும் நெட்டைக்கும் குட்டை பிறந்தது! புலிக்குப் பூனை பிறக்காதுதான். ஆனால் பெற்றோரிடம் தெரிகிற குணம்தான் பிள்ளைக்கும் வரும் என்ற கதை அந்தத் தோட்டத்திலேயே முடிந்துபோனது.

ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு காரணிகள். ஒன்று ஓங்கி நிற்கும், மற்றது ஒடுங்கி நிற்கும். ஒடுங்கியது அழிவதில்லை, காத்திருந்து அடுத்த தலைமுறையில் எழும். இதைப் பள்ளிக்கூடத்தில் நாலு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். மேலே ஒருவர், பக்கத்தில் ஒருவர், உள்ளே பிள்ளைகள். புன்னட் கட்டம் என்று பெயர். அது சொல்வதெல்லாம் வாய்ப்பு மட்டும். நாலில் ஒன்று என்றால் நாலாவது பிள்ளை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் சோழி புதிதாக உருட்டப்படுகிறது.

மனுவும் ஒரு கட்டம் போட்டான். பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்பன் வருணம் ஒருபுறம், ஆத்தா வருணம் ஒருபுறம், உள்ளே பிள்ளைக்குச் சாதிப் பெயர். பிராமண ஆணுக்கும் சூத்திரப் பெண்ணுக்கும் பிறந்தால் நிஷாதன். அதையே திருப்பிப் போடு: சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தால் சண்டாளன், மனிதரில் கடையன். மெண்டலும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மகரந்தம் நெட்டையிலிருந்து, சூல் குட்டையிலிருந்து. பிறகு மகரந்தம் குட்டையிலிருந்து, சூல் நெட்டையிலிருந்து. இரண்டிலும் விளைவு ஒன்றுதான். நிறக்குருடு மாதிரி சில பண்புகள் ஆண், பெண் பார்த்து வருவது உண்மை. வருணம் பார்த்து வருவது ஒன்றுகூட இல்லை. மனு போட்டது வாரிசுக் கணக்கு இல்லை, தண்டனைப் பட்டியல். மேல்சாதிப் பெண் கீழே இறங்கிவந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் அவள் வயிற்றுக்கு விதித்த தண்டனை அது.

'ரத்தம் கெடும்' என்பான். ஏ வகை ரத்தம் உள்ள அப்பாவுக்கும் பி வகை ரத்தம் உள்ள அம்மாவுக்கும், இருவருமே ஓ காரணியை மறைவாகச் சுமந்தால், ஏ, பி, ஏபி, ஓ நாலும் பிறக்கலாம். ஒரே வீட்டில் நாலு ரத்தம்! விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது சொந்தத் தம்பியின் ரத்தம் சேராமல், சேரிக்காரன் ரத்தம் சேரலாம். அப்போது யாரும் பாட்டிலில் சாதி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

படித்த சாதி இந்து 1936க்கு முன்பே இனமேம்பாட்டு அறிவியலைக் கூப்பிட்டுச் சாதிக்குச் சாட்சி சொல்லவைத்தான். அந்த ஆண்டு வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். உயர்ந்த மனத்திறன்கள் ஏதோ ஒரே விதிப்படி வாரிசாக இறங்குகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பேட்சனைச் சுட்டினார். யார் இந்தப் பேட்சன்? மரபியலுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர். கட்டம் போட்ட புன்னட்டின் கூட்டாளி. கலப்புமணத்தைத் தடுப்பது ரத்தத்துக்காக என்றால், சேர்ந்து உண்பதை ஏன் தடுக்கிறாய் என்றும் அம்பேத்கர் கேட்டார். சோற்றில் எந்த மரபணு ஒட்டிக்கொள்ளும்? பதில் இன்னும் வரவில்லை.

'தூய்மை' என்ன தந்தது? இந்த நாட்டு மக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தார்கள், பிறகுதான் கதவு அடைபட்டது என்று 2013இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அடைத்த கதவுக்குள் ஒடுங்கிய நோய்க் காரணிகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. வைசியர் சமூகத்தில் சிலருக்குப் பரம்பரையாக ஒரு நொதி குறைவு. அறுவைக்கு முன் கொடுக்கிற ஒருவகைத் தசை தளர்த்தும் மருந்து அவர்கள் உடலில் எளிதில் முறிவதில்லை, மூச்சுக்கே ஆபத்து. இது அவர்கள் குற்றமில்லை, அகமணத்தின் கூலி. நம்ம தெருவையும் சொல்ல வேண்டும். அக்கா மகளைக் கட்டுகிறோம். மாமனும் மருமகளும் மரபணுவில் நாலில் ஒரு பங்கைப் பகிர்கிறவர்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பதில்லை. மனுவின் கட்டத்தை நாமும் வாசலில் கோலமாகப் போட்டு வைத்திருக்கிறோம்.

இந்தக் கட்டத்தைக் காப்பாற்றத்தான் கொலை. 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் ஊற்றினார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். பட்டாணியில் கலப்பு என்றால் பத்து மார்க் கேள்வி. மனிதரில் கலப்பு என்றால் அரிவாள்.

பிள்ளை கறுப்பா சிவப்பா, கவிஞனா கணக்கனா என்று எந்தக் கட்டமும் உறுதியாகச் சொல்லாது. பல மரபணுக்களும், தின்ற சோறும், கிடைத்த பள்ளிக்கூடமும் சேர்ந்து செய்கிற வேலை அது. பிள்ளையின் சாதியை மட்டும் கருவிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஏனென்றால் அது உடம்பில் இல்லை, ஊரில் இருக்கிறது. கலப்புமணப் பிள்ளையின் சாதியைத் தீர்மானிக்க, அது எப்படி வளர்க்கப்பட்டது, எந்த இழிவைப் பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2012இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொன்னது.

தோழர்களே, இரவுப் பள்ளிகளில் இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். மெண்டல் கட்டத்தைப் பிள்ளைகள் எழுதிப் பழகட்டும். மனு கட்டத்தை அவர்கள் கையாலேயே அழிக்கட்டும்.