'ஓப்பன்' என்றால் என்ன சார்?

'ஓப்பன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ப்பதம் கேட்டால் ஆறாம் வகுப்புப் பையன்கூட 'க்ளோஸ்' என்று சொல்லிவிடுவான். மார்க்கும் விழுந்துவிடும். ஆனால் நம் மெக்கானிக்கல் நண்பர் ஒருவரையும் எலெக்ட்ரிகல் நண்பர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, "ஓப்பன் என்றால் என்னப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். வால்வு ஓப்பன் என்றால் தண்ணீர் ஓடுகிறது. சர்க்யூட் ஓப்பன் என்றால் கரண்ட் ஓடவில்லை! ஒரே சொல், நேர் எதிரான இரண்டு சேதி. "பிரேக்கர் க்ளோஸ் ஆயிடுச்சு" என்று ஒருவர் போனில் சொல்ல, கேட்டவர் அதைக் கடையை மூடுகிற மாதிரி 'மூடியாச்சு, ஆஃப்' என்று எடுத்துக்கொண்டு லைனில் கை வைத்தால்? அரை மார்க் குறையாது, ஆளே போய்விடுவார்.

நம்மில் பலர் பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் எதிர்ப்பதங்களை கைடில் இருந்து வரிசையாக மனப்பாடம் செய்து கரை ஏறியவர்கள்தான். அதோடு ஒரு சூத்திரமும் கற்றுக்கொண்டோம்: முன்னால் 'இன்' போட்டால் எதிர்ப்பதம். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறதே, அதற்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் 'தீப்பிடிக்கவே பிடிக்காது' என்று வரும்! உண்மையில் அது லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அங்கே 'இன்' என்பதற்கு மறுப்பே கிடையாது. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுமே தீப்பிடிக்கும். எதிர்ப்பதம் 'நான்-ஃப்ளேமபிள்'. இங்கிலீஷ்காரர்களே குழம்பிப் போகிறார்கள் என்றுதான் அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'இன்' இல்லாத சொல்லை எழுதச் சொன்னது. நாம் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்புக்கு வருவோம் (தூங்காதீர்கள்!). ரப்பர், ஸ்டீல் இரண்டில் எது அதிக எலாஸ்டிக்? டிக்ஷனரியைப் பார்த்தவன் ரப்பர் என்பான். யங்ஸ் மாடுலஸைப் பார்த்தவன் ஸ்டீல் என்பான். ஸ்டீலுக்கு அது சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2 லட்சம் நியூட்டன், ரப்பருக்கு அதில் ஒரு தூசு. 'பிரிட்டில்' என்பதற்கு எதிர்ப்பதம் 'ஸ்ட்ராங்' என்று எழுதுகிறோமே, லேத் பெட் செய்கிற காஸ்ட் அயர்னைப் பாருங்கள். அமுக்கினால் அபாரமாகத் தாங்கும். சம்மட்டியால் அடித்தால் உடையும். ஸ்ட்ராங்கும் அதுதான், பிரிட்டிலும் அதுதான். இழுத்தால் நீளும் 'டக்டைல்'தான் இங்கே சரியான எதிர்ப்பதம்.

"செல்போனில் தட்டினால் அர்த்தம் வந்துடுமே" என்கிறீர்களா? வரும், பத்து அர்த்தம் வரும். அதில் எது நம் ஒர்க் ஷாப்புக்கு உரியது என்பதை அந்த மிஷின் பக்கத்தில் நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆகவே நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். லைப்ரரியில் பூட்டிக் கிடக்கும் டிக்ஷனரிகளில் ஒன்றையாவது ஒர்க் ஷாப்பில் வையுங்கள். எலெக்ட்ரிகல் லேப் கதவில் தமிழில் இரண்டே வரி எழுதி ஒட்டுங்கள்: ஓப்பன் என்றால் கரண்ட் இல்லை, க்ளோஸ் என்றால் கரண்ட் உண்டு. பெயின்ட் செலவை மெக்கானிக்கல் பிரிவு ஏற்றுக்கொள்ளும். வால்வுக்கு நாங்களே தனியாக எழுதிக்கொள்கிறோம்.