உள்ளே வராத மேய்ப்பன்



பாஸ்கா விழாவுக்காக ஆவூருக்குச் சென்றிருந்தேன். 1747-இல் எழுப்பப்பட்ட அந்தப் பழைய ஆலயத்தின் முன், தேர்பவனிக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் இளங்குருவாய் இருந்தபோது பீடச்சிறுவனாக இருந்தவர். இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்: ஆளுயரப் பெட்டி, நடுவில் திரை, அதன்கீழ் ஒரு கைப்பிடி. 'டாங்கி காங்' என்னும் பழைய வீடியோ கேம் பெட்டி. சேமிப்பின் பெரும்பகுதியைக் கொடுத்து அதை வாங்கியிருக்கிறார்.

"இதற்கா இவ்வளவு பணம்?" என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்தது.

அந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1981-இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்டது. உச்சியில் நிற்கும் குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். கீழிருந்து ஒரு தச்சன் அவற்றைத் தாண்டிக் குதித்து, ஏணிகளில் ஏறி, அங்கே சிறைப்பட்ட பெண்ணை மீட்க வேண்டும். அந்தத் தச்சனே பின்னர் 'மேரியோ' என்று உலகப்புகழ் பெற்றான். நம் ஊர்களில் இத்தகைய பெட்டிகள் அரிது. தொலைக்காட்சியோடு இணைத்த நகல் கருவியில் கேசட்டைச் செருகி, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய சிறு கடைகளில்தான் நம் பிள்ளைகள் அதை ஆடினார்கள்.

அத்தகைய கடை ஒன்று அன்று எங்கள் ஆலயத்தின் பின்தெருவில் இருந்தது. மறைக்கல்வி வகுப்புக்கு வராத சிறுவர்களைத் தேடிப்போய், அதன் வாசலில் நின்று அதட்டி அழைத்தேன். அடுத்த ஞாயிறு மறையுரையில், "பீடத்தில் பணிசெய்யும் கைகளே அங்கே காசை வீணாக்குகின்றன" என்றேன். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொன்னேன் என்பது அனைவருக்கும் தெரிந்தது. அந்தச் சிறுவன் அதன்பின் பீடத்திற்கு வரவேயில்லை.

அவர்தாம் இப்போது என் முன் நின்றார். கோபமின்றிச் சொன்னார்: "சாமி, அது அப்பா இறந்த வருஷம். வீட்டில் எப்போதும் அழுகை. அந்தக் கடையில் மட்டும்தான், விழுந்தாலும் மறுபடி தொடங்கலாம் என்றிருந்தது. காசு இல்லாத நாளில், 'தம்பி, நீ பார்த்துக்கொண்டிரு' என்று அண்ணன்மார் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள்."

அவருடைய தந்தையின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவன் நானே. ஆயினும், அவன் ஏன் அங்கே போகிறான் என்று ஒருமுறையும் நான் கேட்கவில்லை. வாசலோடு நின்றுவிட்டேன், உள்ளே போகவில்லை.

அன்பார்ந்தவர்களே, அந்தக் கடைகளில் தீமையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பொய் சொன்ன பிள்ளைகளும் உண்டு, வீட்டுக் காசை எடுத்த பிள்ளைகளும் உண்டு. பழம்பொருள் சேர்ப்பதும் பேராசையாய் மாறக்கூடும்; பழைய நாள்களே சிறந்தவை என்று அவற்றிலேயே குடியிருப்பதும் நல்லதன்று. ஆனால் ஒருவருடைய ஏக்கத்தைக் கேலிசெய்வதற்கு முன், அந்தப் பொருளைச் சுற்றி அவர் எதை இழந்தார் என்று கேட்பது நம் கடமை. அவர் பூட்டிவைத்து அழகு பார்க்க அந்தப் பெட்டியை வாங்கவில்லை. பழுதுபட்ட பாகங்களை மாற்றி ஓடவைத்திருக்கிறார். மாலையில் அடுக்ககத்துப் பிள்ளைகள் வரிசையாய் நின்று ஆடுகிறார்களாம். தாம் பெற்ற இடத்தை இன்று பிறருக்குக் கொடுக்கிறார்.

அந்த ஆட்டத்தின் வரலாற்றையும் அவரே சொன்னார். நின்டென்டோ முதலில் 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆட்டத்தை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுமார் 2,000 பெட்டிகள் விற்காமல் தேங்கின. அவற்றை அழித்துவிடாமல், ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளம் ஓவியரிடம் புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தேங்கிய பெட்டிகளின் உட்பாகங்களை மாற்றியே முதல் 'டாங்கி காங்' பெட்டிகள் அங்கே விற்பனைக்கு வந்தன. தோற்றுப்போனது என்று ஒதுக்கிய ஒன்றுக்கு உள்ளே மாற்றம் வந்தால் போதும் என்பதைக் கேட்டபோது, நான் என்னையே எண்ணிக்கொண்டேன்.

தேர் நகரத் தொடங்கியபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த முறை சிங்கப்பூர் வந்தால், சாமியும் ஓர் ஆட்டம் ஆட வேண்டும்" என்று சிரித்தார்.

இன்று உங்கள் பிள்ளைகள் கடைக்குப் போவதில்லை, கைப்பேசியே கடையாகிவிட்டது. இந்த வாரம் ஒரு மாலையேனும், அதைப் பிடுங்குவதற்கு முன் அருகில் அமருங்கள். "இது எப்படி ஆடுவது? எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால் பிறகு கண்டிக்கலாம். உள்ளே வந்தவரின் கண்டிப்பைப் பிள்ளைகள் ஏற்பார்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.