குடும்ப ஓய்வூதியம் மீராஸ் அன்று!



இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் நோயுற்று மௌத்தாகிறார். கப்ரின் ஈரம் காயுமுன் வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது: "அவருடைய பென்ஷனும் மீராஸ்தான், பெற்றோர், சகோதரர் அனைவருக்கும் அதில் பங்குண்டு." மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் இவ்வாதம் மார்க்கத்திற்கே முரணானது.

மீராஸ் என்பது மய்யித் தம் உடைமையாக விட்டுச் சென்ற பொருள். நிலம், வங்கிச் சேமிப்பு, மௌத்தான நாள் வரை அவருக்குச் சேரவேண்டிய ஓய்வூதிய நிலுவை ஆகியவை அதில் அடங்கும். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக எஞ்சியதே பங்கிடப்படும். அதிலும்கூட, மய்யித்தின் தந்தையோ மகனோ இருக்கையில் சகோதரருக்குப் பங்கில்லை.

குடும்ப ஓய்வூதியமோ, அவர் மறைந்தபின் அரசு தன் விதிப்படி மனைவிக்கு மாதந்தோறும் வழங்குவது. அதற்கு அவர் ஒருநாளும் உரிமையாளராக இருந்ததில்லை. தமக்கு உடைமையாகாததை எவரும் விட்டுச் செல்ல இயலாது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தில் சேராது, உயிலாலும் அதை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் வயலட் ஐசக் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

"வயதான பெற்றோர் என்ன செய்வர்?" என்பீர். அவர்களைப் பேணுவது மற்ற மக்களின் கடமை. விதவையின் ஏடிஎம் அட்டையைப் பறித்து வைத்துக்கொள்வது பேணுதல் அன்று. எத்தீம்களின் பொருளை உண்போருக்கு அந்நிஸா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் விடுக்கும் எச்சரிக்கையை நினைத்துப் பாருங்கள்.

இத்தாவைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை ஒத்திப்போடுவதும் தவறு. 4 மாதம் 10 நாள் என்பது துக்கத்திற்கான காலம். உரிமையை இழப்பதற்கான காலம் அன்று. தேவைக்காக அவள் பகலில் வெளியே செல்ல ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் இடமளிக்கின்றன.

மருத்துவமனைச் சீட்டுகளையும் எறிந்துவிடாதீர். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். உயிரைப் பறித்த நோய் இராணுவப் பணியால் உண்டானது அல்லது முற்றியது என ஏற்கப்பட்டால், 60 சதவீதச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்திற்கு வழியுண்டு. அதற்குச் சான்று அச்சீட்டுகளே.

முன்னாள் படைவீரர்களே! டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் ஆணையிலும் உங்கள் மனைவியின் பெயர் நிக்காஹ் பதிவேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிழையிருப்பின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகித் திருத்திக்கொள்ளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! பஞ்சாயத்துப் பேசி அவளைப் பணிய வைக்காமல், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உதவுங்கள்.

பிறர் ஹக்கை உண்பதிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.