கோர்ட்டுப் படி நமக்கும் உரிய படிதான்



"இந்த வயசு வரைக்கும் போலீஸ் ஸ்டேசன் வாசலை மிதிச்சதில்லை, கோர்ட்டுப் படி ஏறினதில்லை" என்று பெருமையோடு சொல்லும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். வம்பு வழக்கு இல்லாமல் வாழ்ந்தது பெருமைதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள்ளே ஓர் அச்சமும் ஒளிந்திருக்கிறது. கோர்ட்டு என்றால் குற்றவாளிகள் போகிற இடம் என்ற எண்ணம் அது. சொத்து சேர்த்து வைக்க முடியாத நாம், இந்த அச்சத்தை மட்டும் பிள்ளைகளுக்குத் தவறாமல் சேர்த்து வைத்துவிடுகிறோம்.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் கடன் சம்பந்தமாகச் சம்மன் வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர், நீதிமன்ற முத்திரையைக் கண்டதும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ! குறித்த தேதி வந்தது, போயிற்று. அவர் இல்லாமலே தீர்ப்பும் ஆயிற்று. கடனில் பெரும்பகுதியைக் கட்டி முடித்ததற்கான ரசீதுகளும் அதே படத்துக்குப் பின்னால்தான் இருந்தன. காட்ட வேண்டிய இடத்துக்கு ரசீதும் போகவில்லை, அவரும் போகவில்லை.

ஆகையால் இம்மாதம் உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். வழக்கு ஏதும் இல்லாத ஒரு நாளில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சும்மா இருக்கும்போது பார்த்து வைத்த இடம், பிறகு தேவை வரும்போது பயமுறுத்தாது.

"நம்மை உள்ளே விடுவார்களா?" என்று கேட்பீர்கள். விடுவார்கள். 1964ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் சட்டம், 15ஆம் பிரிவு, வழக்கு விசாரிக்கப்படும் இடம் பொதுமக்கள் வந்துபோகக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று சொல்கிறது. நீதியின் நலன், பொதுப் பாதுகாப்பு, கண்ணியம் போன்ற காரணங்களுக்காக நீதிமன்றம் கதவை மூடி விசாரிக்கலாம். அது விதிவிலக்கு, திறந்திருப்பதே விதி.

கூட்டரசு நீதிமன்றம் இருப்பது புத்ராஜெயா, மூன்றாவது பிரிசிண்டில். 'இஸ்தானா கெஹாக்கிமான்' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். நடுவில் பெரிய குவிமாடம் வைத்த மாளிகை அது. 2004ஆம் ஆண்டில்தான் கோலாலம்பூர் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திலிருந்து இங்கு மாறி வந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதே மாளிகையில்தான் இயங்குகிறது. இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: 1985ஆம் ஆண்டுக்கு முன்பு இந்நாட்டுச் சிவில் வழக்குகளின் கடைசி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை போனது. கடல் கடந்து போன நீதி, இப்போது ரயில் ஏறிப் போகும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

ஆம், ரயிலிலேயே போகலாம். கேஎல் சென்ட்ரலில் இருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயில் புத்ராஜெயாவில் நிற்கிறது. 2023 மார்ச் முதல் எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடமும் அங்கே போகிறது. நிலையத்தில் இறங்கி, பஸ்ஸோ டாக்சியோ பிடித்துக்கொள்ளலாம்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, அன்று என்ன வழக்கு, எத்தனையாவது அறையில் என்பதை நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் உள்ள வழக்குப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரியாவிட்டால் வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டால் போதும். கோவிட் காலத்திலிருந்து சில வழக்குகளைத் திரை வழியாகவே விசாரிக்கிறார்கள். அதனால் அந்த வழக்கு அறையில் நடக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனால் வீண் அலைச்சல் இல்லை. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் நீதிமன்றம் இல்லை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது. காலையிலேயே போய்விடுவது நல்லது.

இரண்டாவது, உடை. பெரிய அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற உடைதான். ஆண்களுக்கு நீளக் காற்சட்டை, சட்டை, சப்பாத்து. பெண்களுக்குச் சேலையோ பஞ்சாபி உடையோ பாஜு குரோங்கோ போதும். அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் வேண்டாம். அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். அதற்காக முகம் வாடத் தேவையில்லை. எல்லாருக்கும் அதே சோதனைதான்.

மூன்றாவது, அறைக்குள் நடந்துகொள்ளும் முறை. கைப்பேசியை அடைத்துவிட வேண்டும். படம் எடுப்பதோ, பேச்சைப் பதிவு செய்வதோ கூடாது. நீதிபதிகள் அமர்ந்திருக்கும்போது நுழைந்தால், தலைதாழ்த்தி வணங்கிவிட்டுப் பின்வரிசையில் சத்தமின்றி உட்காருங்கள். வெளியேறும்போதும் அப்படியே. நீதிபதிகள் வரும்போதும் போகும்போதும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். தின்பண்டத்தை எல்லாம் வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? சினிமாக் கோர்ட்டை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மேசையைத் தட்டுகிற வக்கீல் இல்லை. கூண்டில் அழுகிற சாட்சியும் பெரும்பாலும் இல்லை. சாட்சி விசாரணை எல்லாம் கீழ் நீதிமன்றத்திலேயே முடிந்துவிட்டது. இங்கே மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் நீதிபதிகள் அமர்ந்து, சட்டத்தைப் பற்றிய வாதத்தைக் கேட்கிறார்கள். வழக்கறிஞர்கள் அவர்களை 'யாங் ஆரிஃப்' என்று விளிக்கிறார்கள். பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலுமாக இருக்கும். பாதி புரியாவிட்டாலும் ஒன்று நன்றாகப் புரியும்: அந்த மேடையில் இருப்பவர்கள் குறுக்கே கேட்கிறார்கள், பதில் எதிர்பார்க்கிறார்கள், கேட்டதைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு தரப்பு பேசி முடித்தால் மறுதரப்புக்கும் வாய்ப்புத் தருகிறார்கள்.

எல்லா வழக்கும் இங்கே வந்துவிடாது. சிவில் வழக்கு வர வேண்டுமானால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். முன்பு தீர்க்கப்படாத முக்கியமான சட்டக் கேள்வியோ, பொதுநலனுக்குப் பயன்படும் கேள்வியோ அதில் இருக்க வேண்டும். அப்படியானால் பெரிய கம்பெனிகளுக்கும் பணக்காரர்களுக்கும்தான் இந்த இடமோ என்றால், இல்லை. ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை நினைத்துப் பாருங்கள். தம் மூன்று பிள்ளைகளும் தமக்குத் தெரியாமல் மதம் மாற்றப்பட்டதை எதிர்த்து, 2009ஆம் ஆண்டில் தொடங்கிய போராட்டம் அது. 2018 ஜனவரி 29ஆம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த மதமாற்றம் செல்லாது, பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்று தீர்ப்பளித்தார்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரு தாய் விடாமல் கோர்ட்டுப் படி ஏறியதால் வந்த தீர்ப்பு, இந்நாட்டுத் தாய்மார் பலருக்கும் உரியதாகிவிட்டது.

போகிற வழியில் பிள்ளைகளிடம் இன்னும் ஒன்று சொல்லி வையுங்கள். நீதிமன்றக் கடிதம் எதுவானாலும், அன்றைக்கே படித்துக் காட்ட வேண்டும். எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, எத்தனை மணி, வழக்கு எண் என்ன என்ற நான்கையும் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் இருக்கின்றன. வருமானத்தையும் வழக்கின் தன்மையையும் பார்த்து உதவுவார்கள். தேதி முடிந்த பிறகு போவதைவிட, கடிதம் வந்த மறுநாளே போவது பாதி வழக்கை வென்ற மாதிரி.

தப்புச் செய்தவன் போகிற இடம் என்று எண்ணியிருந்தோம். தப்பு நடந்துவிட்டது என்று சொல்லப் போகிறவனுக்கும் அதே வாசல்தான். அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று நம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.