யார் கைக்கோ செதுக்கிய பிடி

கணபதியிலிருந்து உள்ளூர் ஏர் பிஸ்டல் போட்டிகளுக்குப் போய் நாங்கள் முதலில் கற்றது கைப்பிடியைப் பற்றித்தான். சொந்தப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மரப்பிடியைத் தங்கள் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்கிறார்கள். நமக்கு வாய்ப்பது பொதுப் பிஸ்டல், யார் கைக்கோ பொருந்தியது. 10 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். பிடி கொஞ்சம் புரண்டாலே குண்டு விலகிவிடும்.

"இலக்குக்குச் சாதி தெரியாது" என்கிறார்கள். இலக்குக்குத் தெரியாதுதான். லட்சத்தைத் தாண்டும் வெளிநாட்டுப் பிஸ்டல் எந்த வீட்டுக்கு வரும் என்பது சாதிக்கு நன்றாகவே தெரியும், தோழர்களே.

2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபோது நம் விடுதிப் பிள்ளைகளும்தான் கைதட்டினார்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கேரம் பலகையே போதுமென்று யார் முடிவு செய்தது? மாவட்டத்துக்கு ஒரு விடுதியில் நீள அறை, நாலு பிஸ்டல், ஒரு பயிற்சியாளர். இதைக் கேட்டு மனு எழுதுவோம்.