ரெண்டு ஸ்டிரிப் வாங்கிட்டு வாங்க சார்

இந்தப் பொங்கலுக்கு நாக்பூர்ல நம்ம தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னெண்டு சேர்ந்து ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில கூடினோம். சாப்பிட்டு முடிச்சுட்டு, "அடுத்த வாரம் மன்னார்குடி போறேன்"னு வாயை விட்டேன். அவ்வளவுதான், பட்டியல் வர ஆரம்பிச்சுது. ஒருத்தருக்கு காப்பிப் பொடி. இன்னொருத்தருக்கு உப்பு நார்த்தங்காய். ஒரு மேடத்துக்கு மரச்செக்கு நல்லெண்ணெய் ரெண்டு லிட்டர் (ரயில்ல கொட்டினா யார் தொடைக்கறது?).

அப்ப ஒருத்தர் வந்தார். அம்பதைத் தாண்டினவர், நல்ல உத்தியோகம். குரலைக்கூடத் தாழ்த்தலை. "சார், அப்படியே அந்தத் தூக்க மாத்திரை ரெண்டு ஸ்டிரிப்... முடிஞ்சா அஞ்சு. ஊர்க் கடையில கேள்வி கேக்காம குடுப்பான்."

காப்பிப் பொடியும் அல்பிரசோலமும் ஒரே பட்டியல்ல! சுத்தி நின்ன ஒருத்தருக்கும் அது வித்தியாசமாப் படலை.

நான் "முடியாது சார்"னேன். அவருக்கு முகம் சுருங்கிடுச்சு. "ஏன் சார், இது என்ன சாராயமா? டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துதானே?"ன்னார். பக்கத்துல நின்ன அவர் வீட்டம்மா, "நானும் தூக்கிப் போடுங்க, தூக்கிப் போடுங்கன்னு கத்திக்கிட்டே இருக்கேன். இவருக்கு மன உறுதி கிடையாது"ன்னாங்க.

இந்த ரெண்டு வாக்கியம் இருக்கே, "டாக்டர் குடுத்ததுதானே", "தூக்கிப் போடு", இது ரெண்டையும் எதிர்த்துத்தான் இதை எழுதறேன். முதலாவதை நம்பி ஆறு வருஷம் போச்சு. ரெண்டாவதை நம்பி உயிரே போயிருக்கும்.

கதையை முதல்லேர்ந்து சொல்லிடறேன்.

2016 நவம்பர் 8 ராத்திரி. ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு அறிவிச்ச ராத்திரி. அப்ப நான் இங்க ஒரு கிளையில மேனேஜர். அடுத்த அம்பது நாள் எங்களுக்கு என்ன நடந்துதுன்னு எந்த பேங்க்காரனைக் கேட்டாலும் சொல்லுவான். வாசல்ல வரிசை, உள்ள பணமில்லை, ஞாயித்துக்கிழமையும் வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தா கண்ணுக்குள்ள நோட்டு எண்ணுற மெஷின் ஓடும். அதே மாசம்தான் ஊர்ல அப்பா போய்ச் சேர்ந்தார். பதிமூணாம் நாள் முடிஞ்ச கையோட திரும்பி வந்து கவுண்ட்டர்ல நின்னேன். அழறதுக்குக்கூட லீவு இல்லை.

டாக்டர்கிட்ட போனேன். இருபது பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. "க்யா தக்லீஃப் ஹை?"ன்னார். எனக்கு பேங்க் இந்தி நல்லா வரும். ஆனா அப்பா போனதை, நெஞ்சு அடைக்கறதை, அந்த பாஷையில சொல்லத் தெரியலை. "நீந்த் நஹீ ஆத்தீ"ன்னேன். மூணு வார்த்தை. அவரும் அதுக்கேத்த பதில் எழுதினார். அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், பத்து நாள், அப்புறம் எஸ்.ஓ.எஸ். அதாவது, தேவைப்பட்டா போட்டுக்கலாம். எது வரைக்கும்? அதைச் சீட்டுல எழுதலை.

முதல் ராத்திரி தூங்கினேன் பாருங்க, குழந்தை மாதிரி. அந்த மருந்துமேல எனக்குக் கோபமே இல்லை. தேவையான இடத்துல, கொஞ்ச நாளைக்கு, நல்ல மருந்து. வலிப்பை அடக்க, குடியை நிறுத்தறவங்களைக் காப்பாத்த இந்த வகை மருந்துதான் ஆஸ்பத்திரியில கை குடுக்குது. ஆனா இதை ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு மேல குடுக்காதீங்கன்னு பிரிட்டன்ல 1988லயே டாக்டர்களுக்கு அறிவுரை குடுத்துட்டாங்க. நான் தொடங்கினது 2016. நடுவுல இருபத்தெட்டு வருஷம். எனக்கு யாரும் சொல்லலை, நானும் கேக்கலை.

2018ல 0.25 வேலை செய்யலை, 0.5 ஆச்சு. 2020 கொரோனாவுல 1. 2022ல நாளைக்கு 2 மில்லிகிராம். எட்டு மடங்கு. லோன் கேட்டு வர்றவன் கணக்குல இப்படி ஏறியிருந்தா நானே பேப்பரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

இவ்வளவு மாத்திரை எப்படிக் கிடைச்சுது? இங்க ரெண்டு கடைக்காரங்க சீட்டு கேட்டாங்க. அதனால ஊர்லேர்ந்து பார்சல்ல வந்துது. மாமியார் வீட்டு அப்பளம், பருப்புப்பொடி, அதுக்கு நடுவுல பத்து ஸ்டிரிப். பழைய சீட்டோட ஒரு ஜெராக்ஸ், "நம்ம பையன் வடக்க இருக்கான்", போதும். பாசத்தோட கட்டி அனுப்பினது அது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா சிரிப்பு வரும். 2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியல்ல இருக்கு. சீட்டு இல்லாம விக்கக் கூடாது. டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரைன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அல்பிரசோலம் 1985ம் வருஷ போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயும் வருது. சீட்டில்லாம அடுத்தவருக்கு அஞ்சு ஸ்டிரிப் சுமந்துக்கிட்டு வர்றது உதவி இல்லை சார், வில்லங்கம். ஒரு கிளையில ரிஜிஸ்டர் இப்படி இருந்தா ஆடிட்டர் எங்களைத் தொங்க விட்டுருவார். மருந்துக் கடை ரிஜிஸ்டரை யார் பார்க்கறா?

இது என் ஒருத்தன் கதையும் இல்லை. 2019ல மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட கணக்கெடுப்புப்படி, மருத்துவக் காரணமில்லாம இந்த மாதிரி மயக்க மருந்து எடுக்கறவங்க நாட்டுல சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர். இதுல எத்தனை பேர் தன்னைப் போதைக்காரன்னு நினைச்சிருப்பாங்க?

சரி, அந்த நாளுக்கு வர்றேன்.

2022 மே. பிள்ளைங்களுக்கு லீவு, மன்னார்குடியில இருந்தோம். தங்கமணி ஏதோ பத்திரிகையில படிச்சுட்டு மாத்திரை பத்திக் கேட்டா. எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. ராஜகோபாலசாமி கோயில்ல நின்னு, இன்னியோட இது இல்லைன்னு வேண்டிக்கிட்டு, கையில இருந்த ஸ்டிரிப் எல்லாத்தையும் அவகிட்ட குடுத்தேன். அவ ஒண்ணொண்ணா உரிச்சு சாக்கடையில போட்டா. "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்"னு மாமியார் மெச்சிக்கிட்டாங்க.

முதல் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. ரெண்டாம் நாள் சட்டை பிழியற மாதிரி வேர்வை, கை நடுக்கம், ஃபேன் சத்தம் காதைக் கிழிக்குது. மன உறுதி, மன உறுதின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். மூணாம் நாள் காலையில திண்ணையில உக்காந்து காப்பி டம்ளரைக் கையில வாங்கினது வரைக்கும் ஞாபகம் இருக்கு.

அப்புறம் கண் முழிச்சது தஞ்சாவூர் போற கார்ல. வலிப்பு. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். கையில யாரோ சாவிக்கொத்தைத் திணிச்சிருந்தாங்க. (வலிப்பு வந்தவங்க கையில சாவி குடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயில எதையும் திணிக்காம, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.)

ஸ்கேன் சுத்தம். ஒரு சின்னப் பொண்ணு, படிச்சுக்கிட்டு இருக்கிற டாக்டர், அவங்கதான் கேட்டாங்க: "சார் தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? எதையாவது திடீர்னு நிறுத்தினீங்களா?" தங்கமணி சொன்னா. அந்தப் பொண்ணு விளக்கினதும் இவ வராந்தாவுல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "நான்தான் கொல்லப் பாத்தேன்"னு அன்னைக்கு அழுதவ, இன்னும் ராத்திரி நான் புரண்டு படுத்தா எழுந்துடறா. அவ செஞ்சதுல என்ன தப்பு? யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். மூளையில காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்புகளுக்கு பிரேக் மாதிரி. மாத்திரை அந்த பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்குது. மாசக்கணக்கா இப்படியே போனா, மூளை தன் பிரேக்கைத் தளர்த்திக்குது. மாத்திரையைச் சட்டுனு எடுத்தா, பிரேக் இல்லாத லாரி மலைப் பாதையில இறங்குற மாதிரி. இதுல மன உறுதிக்கு எங்க வேலை? இமயமலை மாதிரி உறுதி இருந்தாலும் வலிப்பு வந்தா வந்ததுதான். உங்க வீட்டுக்காரர் நிறுத்த முடியாம தவிச்சா அவர் கோழை இல்லைம்மா, அவர் உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு. 2020ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பழக்கம், அடிமைத்தனம், நிறுத்தும்போது வர்ற ஆபத்து எல்லாத்தையும் கட்டம் கட்டி இந்த மருந்துகளோட குறிப்புல போடச் சொல்லிச்சு.

பேங்க்காரன் பாஷையில சொன்னா, இது ஓவர்டிராஃப்ட். ஆறு வருஷத் தூக்கத்தைக் கடன்ல வாங்கிட்டு ஒரே நாள்ல அடைக்கறேன்னா நடக்குமா? தவணைதான் வழி.

நாக்பூர் திரும்பினதும் ஒரு மனநல மருத்துவர் தவணை போட்டுக் குடுத்தார். அல்பிரசோலம் சீக்கிரம் உடம்பை விட்டு இறங்கிடும். அதுக்குப் பதிலா மெதுவா இறங்குற டயசெபாமுக்குப் படிப்படியா மாத்தினார். அப்புறம் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை சுமார் பத்து சதவீதம் குறைப்பு. பிரிட்டன்ல நியூகாசில்ல 1982லேர்ந்து 1994 வரைக்கும் இதுக்குன்னே கிளினிக் நடத்தின ஹெதர் ஆஷ்டன் சொன்னதும் நிதானமான குறைப்புதான். 2025ல வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு அஞ்சு முதல் பத்து சதவீதம்ங்குது. நான் எக்செல்ல அட்டவணை போட்டு ஒட்டினேன், தங்கமணி டிக் அடிச்சா. நடுவுல ரெண்டு தடவை தாங்காம அதே அளவுல ஒரு மாசம் நின்னோம். தவணை தள்ளிப் போச்சு, கணக்கு வாராக்கடன் ஆகலை. பதினஞ்சு மாசம். 2023 ஆகஸ்டுல கடைசித் துண்டு.

தூக்கத்துக்கு? தினமும் ஒரே நேரத்துல எழுந்திருக்கறது, தூக்கம் வந்தாத்தான் படுக்கைக்குப் போறது, இருபது நிமிஷம் வரலைன்னா எழுந்து ஹாலுக்கு வந்துடறது. இது பாட்டி வைத்தியம் இல்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல இந்த மாதிரிப் பயிற்சிச் சிகிச்சையைத்தான் குடுக்கணும்னு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல சொல்லியிருக்கு. ஆமாங்க, அதே 2016. இப்ப அஞ்சரை மணி நேரம் தூங்கறேன். சில ராத்திரி அதுவும் இல்லை. ஆனா அப்பா முகம் ஞாபகம் வந்தா அழ முடியுது. ஆறு வருஷம் அதுவும் வரலை.

நம்மாளுங்களுக்கு மூணே மூணு விஷயம், கோபமாவே சொல்றேன்.

ஒண்ணு. ஊர்ப் பார்சல்ல மாத்திரை வர்றதை நிறுத்துங்க. புதுசா யாராவது கேட்டா வாங்கிட்டு வராதீங்க. ஏற்கெனவே தினமும் சாப்பிடறவரோ, இன்னைக்கே நிறுத்தாம டாக்டர்கிட்ட போகட்டும்.

ரெண்டு. டாக்டர் சீட்டு எழுதும்போதே "இது என்னைக்கு நிறுத்தணும்?"னு கேளுங்க. லோனுக்கு முடிவுத் தேதி கேக்கறோம்ல? ஸ்டிரிப்பைத் திருப்பிப் படிங்க. மனச்சோர்வு மாத்திரையோட குளோனசெபாம் சேர்த்து விக்கறாங்க. வயித்துக்குக் குடுக்கிற சில மாத்திரையில குளோர்டயசெபாக்சைடு ஒளிஞ்சிருக்கு. ஊர்லேர்ந்து வந்த அப்பா அம்மா நம்ம ஃபிளாட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து தூக்கம் வரலைன்னா, உங்க மாத்திரையில பாதி உடைச்சுக் குடுக்காதீங்க. ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். சாயங்காலம் கூட்டிக்கிட்டு நடங்க.

மூணு. உங்க கஷ்டத்தைச் சொல்ல ஒரு பாஷை தேடுங்க. இந்தி வரலைன்னா வர்றவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. மூணு வார்த்தை சொன்னா மூணு எழுத்துதான் பதிலா வரும்.

மாடியில கோவிச்சுக்கிட்டுப் போனவர் பத்து நாள் கழிச்சு போன் பண்ணினார். "சார், அன்னைக்குக் கை நடுங்கும்னு ஏதோ சொன்னீங்களே..." அடுத்த சனிக்கிழமை அவரை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன், மொழிபெயர்ப்பாளரா. முக்கால் மணி நேரம் பேசினார் மனுஷன். பொண்ணு கல்யாணம் நின்னது வரைக்கும். வீட்டம்மா அழுதுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கே அதுல பாதி புதுசாம்.

டிஸ்கி: நான் பி.காம். டாக்டர் இல்லை. என் அட்டவணையைக் கேட்டு யாரும் வராதீங்க, உங்க அளவு வேற, உடம்பு வேற. தினமும் சாப்பிடறவங்க தானா நிறுத்தவும் வேணாம், தானா குறைக்கவும் வேணாம். இந்த மாத்திரையோட குடிக்கவே குடிக்காதீங்க, மூச்சு நின்னுடும். எங்க போறதுன்னு தெரியலைன்னா டெலி மானஸ், 14416. தமிழ்லயும் பேசலாம்.